மிளகாய் தீர்ந்துபோன ஞாயிற்றுக்கிழமை

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடக்கிறார்கள். கையில் பை கிடையாது, கூடை கிடையாது, யாருக்கும் கொடுக்க வேண்டிய பத்திரிகை கிடையாது. சும்மா நடக்கிறார்கள். வந்த புதிதில், அடுத்த வீட்டு ஹில்டா அம்மாளிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். நம் பக்கத்தில் அப்படிக் கேட்காமல் தாண்டிப் போனால்தான் தப்பு. அந்த அம்மாள் தன் புருஷனைப் பார்த்தாள், அவர் வானத்தைப் பார்த்தார். "வாக்" என்றாள். எந்த இடத்துக்கு என்றேன். எந்த இடத்துக்கும் இல்லை என்றாள். உடம்பு சரியில்லையோ, ஆஸ்பத்திரிக்குப் போவதை மறைக்கிறார்களோ என்று நான் ஜன்னலோரம் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேரும் கன்னம் சிவக்க, கையைக் கோத்துக்கொண்டு, ஒரு சாமான்கூட வாங்காமல் திரும்பி வந்தார்கள். போகிற இடமே இல்லாமல் ஒரு போக்குவரத்தா என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்த காலம் அது.

நான் வத்தல்மலை அடிவாரத்தில் பிறந்து பென்னாகரத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். சேலத்திலிருந்து பிரித்துத் தர்மபுரியைத் தனி ஜில்லாவாக்கினார்களே, அந்த வருஷம்தான் எங்கள் கல்யாணம். ஜில்லாவும் நாங்களும் ஒரே நேரத்தில் தனிக்குடித்தனம் போயிருக்க வேண்டியது, ஜில்லா மட்டும் போயிற்று என்று அவர் கேலி பண்ணுவார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. இங்கே எல்லாரும் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கு இன்னும் நாக்கு புரளவில்லை. பென்னாகரத்து ஹைஸ்கூலில் அவர் டிரில் மாஸ்டர். வெள்ளை அரைக்கால் சட்டை, கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். முந்நூறு பிள்ளைகளும் அந்த விசிலுக்கு ஒரே நேரத்தில் கையைத் தூக்குவார்கள். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் இரண்டு மைல். காலையில் ஓடியே போவார், சாயங்காலம் ஓடியே வருவார். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கையாட்டுவார்கள். பெண் பார்க்க வந்தபோது என் அப்பா அவரிடம் சம்பளம் கேட்கவில்லை, "தம்பி, ஏன் உக்காரவே மாட்டேங்கறீங்க?" என்றுதான் கேட்டார். அப்படிப்பட்ட மனுஷன்.

கூட்டுக் குடும்பம். அத்தை, மூத்தார், ஓரகத்தி அக்கா, அவர்களுடைய நான்கு பிள்ளைகள், நாங்கள். இருந்தது இரண்டே அறை, ஒரு கூடம். பகலில் நான் அவரோடு நாலு வார்த்தை பேசினால் அக்கா இருமுவாள். அவர் என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் அண்ணன் பிள்ளையைக் கூப்பிட்டு, "உங்க சித்திகிட்ட தண்ணி கேளு" என்பார். நானோ கல்யாணமாகி மூன்றே மாதமானவள். அவரோடு பேச வேண்டும், வம்பிழுக்க வேண்டும், கால் வலிக்க நடக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் ஆசை. ஆனால் நம் பக்கத்தில் காரணம் இல்லாமல் தெருவில் இறங்க முடியுமா? வாசலைத் தாண்டினால் போதும், "எங்கீங்க போறீங்க?" என்று எதிரில் வருகிற அத்தனை பேரும் கேட்பார்கள், அத்தனை பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லியாக வேண்டும். அதனால் நான் ஒரு பதிலைத் தயார் செய்தேன். சந்தைக்கு முதல் நாள் மிளகாய் ஜாடியிலிருந்து பெரும்பங்கை எடுத்து ராகி அடுக்குப் பானைக்குள் புதைத்துவிட்டேன். காலையில், "அத்தை, மிளகா தீந்துபோச்சுங்க" என்றேன். அத்தை ஜாடியை எட்டிப் பார்த்தார். "போன வாரந்தான ரெண்டு வீசை வாங்குனோம்? திங்கறீங்களா, கொட்டறீங்களா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூத்தாருக்குக் காட்டில் வேலை. "சின்னவனே, பள்ளிக்கூடம் வுட்டதும் வா, இவளக் கூட்டிக்கிட்டுச் சந்தைக்குப் போய்ட்டு வந்துடு" என்று உத்தரவாயிற்று. அதிலிருந்து எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் மிளகாய் தீர்ந்தது.

சந்தைக்கு எப்படிப் போவோம் தெரியுமா? அவர் முன்னால், நான் பத்தடி பின்னால் கூடையோடு. அதுதான் வழக்கம். ஒரே வரிசையில் நடந்தால் அடுத்த நாள் ஊரே பேசும். முதல் வாரம் அந்தப் பத்தடியைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது. இதற்காகவா மிளகாயைப் புதைத்தேன்? ஒரு புங்கங்காயை எடுத்து அவர் முதுகில் எறிந்தேன். அவர் திரும்பவில்லை. டிரில் மாஸ்டர் பழக்கத்தில் கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பவர், ஒரு விரலை மட்டும் நீட்டினார். நிமிர்ந்து பார்த்தால் எதிரில் மாட்டு வண்டி. ஆள் வருகிறது என்கிறார்! அன்றைக்குத் தொடங்கியது அந்தப் பேச்சு. ஒரு விரல் என்றால் ஆள் வருது. இரண்டு விரல் என்றால் கால் வலிக்குதா. மூன்று என்றால் பொரி வாங்கட்டுமா. கையை முழுசாக விரித்தால் ஓடலாமா. கட்டை விரலை மடக்கினால் வூட்டுக்குப் போலாமா. எனக்குப் புங்கங்காய்தான் நாக்கு. குதிகாலில் பட்டால் சரி. முதுகில் பட்டால் முடியாது. தலையில் பட்டால் கோபம். புளியமரங்களுக்கும் வரப்போரத்துப் புங்க மரங்களுக்கும் நடுவில், ஒகேனக்கல் ரோட்டில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, யாருக்கும் தெரியாமல் இரண்டு மைல் பேசிக்கொண்டே போவோம். எதிரில் வருகிற கிழவர்கள், "டிரில் வாத்தியாரு சம்சாரம் நல்ல அடக்கம்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். நான் மடியில் புங்கங்காய் நிறைத்துக்கொண்டு அடக்கமாக நடந்துகொண்டிருப்பேன். என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தெருவிலும் நடந்ததில்லை.

இதையெல்லாம் பர்மிங்ஹாமில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவரோடு மெட்ராஸில் டிரில் பயிற்சி படித்த ஒருவர், இங்கே வாத்தியார்களுக்கு வேலை இருக்கிறது, வேலைக்கு வர அனுமதி வவுச்சர் கொடுக்கிறார்கள் என்று கடிதம் போட்டார். வந்தோம். வந்தபின் அவருடைய சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது இங்கே செல்லாது என்று கையில் கொடுத்தார்கள். இப்போது ரொட்டித் தொழிற்சாலையில் ஸ்டூலில் உட்கார்ந்து, பெல்ட்டில் வருகிற ரொட்டியில் கருகினதைப் பொறுக்கிப் போடுகிறார். மத்தியானம் இரண்டு மணி ஷிப்ட். எனக்குத் தையல் தொழிற்சாலை, காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். நான் கிளம்பும்போது அவர் தூங்குவார், அவர் வரும்போது நான் தூங்கியிருப்பேன். எங்கள் குடும்பம் சமையலறை மேசையில் ஒரு துண்டுக் காகிதத்தில் நடக்கிறது. "பால் இல்லை." "ரசம் அடுப்பில்." "காஸ் மீட்டர் பார்க்கிறவன் வந்து போனான்." எங்களைப் பார்த்து இருமுவதற்கு இங்கே ஓரகத்தி இல்லை, எங்கே போகிறீர்கள் என்று கேட்க ஒரு ஆளில்லை, முழு வீடும் எங்களுடையது. பிள்ளைகள் இல்லை, அது வேறு கதை, அதை இங்கே எழுதப்போவதில்லை. இவ்வளவு விடுதலையை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறோம்? அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்காருகிறார். நான் அவர் சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். இதற்கா ஏழு கடல் தாண்டி வந்தோம் என்று எனக்கு வயிறு எரியும்.

அவர் ஒரே நாளில் உட்கார்ந்துவிடவில்லை. வந்த முதல் வருஷம் குளிரிலும் காலையில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் ஓடினார். நாய்கள் குரைத்தன, பால்காரன் வண்டியை நிறுத்திப் பார்த்தான். ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் குறுக்கே கையை நீட்டி நிறுத்தி, "எதிலிருந்து ஓடுகிறாய்?" என்று கேட்டிருக்கிறார். எதிலிருந்தும் இல்லை, சும்மா ஓடுகிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். சும்மாவா என்று அவர் பின்பக்கத் தெருவெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீடு வரைக்கும் கூடவே நடந்து வந்து, என்னிடம் இது உன் புருஷனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். மரியாதையான மனுஷர்தான், திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனால் இவர் ஷூவைக் கழற்றி, நாடாவைச் சுற்றி, கட்டிலுக்கடியில் தள்ளினார். "இந்த ஊர்ல சும்மா நடக்கலாம் புள்ள, சும்மா ஓடக் கூடாது" என்றார். அதுதான் கடைசி. அப்புறம் வருஷத்துக்கு ஒரு பெல்ட் துளை என்று வயிறு வெளியே வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது.

இந்த வருஷம் வேனிற்கால முடிவில் தலைச்சுற்றல் என்று டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்த அழுத்தம் என்றார் டாக்டர். நல்ல மனுஷர், நரைத்த மீசை. உப்பைக் குறை, உடம்பை அசை என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். எங்களுக்கு இங்கிலீஷ் போதாது என்று நினைத்து, தானே எழுந்து நின்று, காலை அகட்டி, கையைத் தலைக்கு மேல் தூக்கி, குனிந்து கால் விரலைத் தொட்டுக் காட்டினார். பாதியிலேயே முட்டி மடிந்துவிட்டது. "இது மாதிரி. ஒன், டூ. புரிகிறதா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார். முந்நூறு பிள்ளைகளைக் குனிய வைத்த மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்து, "எஸ் டாக்டர், தேங்க்யூ டாக்டர்" என்றார். அவர் டிரில் மாஸ்டர் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன், மேசைக்கடியில் என் காலை அழுத்தினார். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அந்த டாக்டர் மேலும் கோபம், இவர் மேலும் கோபம், யார் மேல் அதிகம் என்று சொல்லத் தெரியவில்லை.

என் குணம் என்னவென்றால், துக்கம் வந்தால் நான் அழ மாட்டேன், சண்டைக்குப் போவேன். அடுத்த ஞாயிறு காலை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அவருடைய விசிலை எடுத்து, அவர் காதோரம் வைத்து ஊதினேன். "எழுந்திரு! லைன்ல நில்லு!" என்று அவர் குரலிலேயே கத்தினேன். அவர் எழுந்திருக்கவில்லை. ஹில்டா அம்மாள்தான் இரவு உடையோடு தோட்டத்துக்கு ஓடிவந்து எங்கே தீ, எங்கே தீ என்று கேட்டாள். நான் ஜன்னலைத் திறந்து தீ இல்லை, எக்ஸர்சைஸ் என்றேன். அவள் புருஷனும் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பழைய நாளாக இருந்தால் இவர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். விசிலை என் கையிலிருந்து வாங்கி, நாடாவை ஒழுங்காகச் சுற்றி, மேசை மேல் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீ ஊருக்குப் போயிடு புள்ள. அண்ணன் வூட்ல இரு. நான் மாசாமாசம் அனுப்பறன். இங்க இருந்து நீ என்னாத்தக் கண்ட?"

"நீங்க?" என்றேன். "நான் அப்புறம் வரன்" என்றார். அந்த அப்புறம் எப்போது வரும் என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தனியாக ஊருக்கு அனுப்பப்பட்ட பெண்டாட்டிகளின் கதைகள் எங்கள் தையல் மேசையில் தினமும் ஓடுகின்றன. நான் போகமாட்டேன் என்று சொல்லவில்லை. சொன்னால் சண்டையாகும், சண்டையில் அவர் இன்னும் உள்ளே போய்விடுவார். அவரை விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. ஆனால் இந்த நாற்காலிக்காரரோடு நான் வாழ வரவில்லையே, கையைப் பின்னால் கட்டி விரலால் பேசினவரோடுதானே வாழ வந்தேன் என்றும் மனசு அடித்துக்கொண்டது. அந்த வாரம் முழுக்க மேசைக் காகிதத்தில் அவர் "டிக்கெட் விசாரிக்கவா?" என்று எழுதி வைத்தார். நான் அதற்குக் கீழே, "பால் இல்லை" என்று எழுதினேன்.

அந்த வாரம்தான் எனக்கு அத்தை ஞாபகம் வந்தார். எங்கள் சந்தைப் பயணத்துக்கு நடுவில் ஒரு இடம் உண்டு. ஏரிக்கரை. அங்கே ஒரு பர்லாங் தூரத்துக்கு வீடு கிடையாது, ஆளும் கிடையாது. அந்த இடம் வந்ததும் அவர் கையை விரிப்பார். நான் குதிகாலில் எறிவேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூடையோடு ஓடுவேன். வத்தல்மலை ஏறி இறங்கின கால், லேசில் விடாது. பாதி நாள் நான்தான் ஜெயிப்பேன். கரை முடிவில் புங்க மரத்தடியில் ஒரே காகிதத்திலிருந்து பொரி தின்போம். ஒரு நாள், ஏரிக்குள் ஆடு மேய்த்தவன் எங்களைப் பார்த்துவிட்டான். நேரே ஊருக்கு ஓடி, "டிரில் வாத்தியார அவரு சம்சாரம் தொரத்திக்கிட்டுப் போவுது, கையில கூடய வச்சி அடிக்கப் போவுது, சீக்கிரம் வாங்க!" என்று கத்தியிருக்கிறான். மூத்தார் நாலு பேரோடு தடியைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால், நாங்கள் மரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு, தோளோடு தோள் ஒட்டி, பொரி தின்றுகொண்டிருக்கிறோம். மூத்தார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "அடிச்சிருந்தாகூடப் பரவால்ல" என்றார்.

அதன்பின் நான்கு வாரம் சந்தைக்கு மூத்தாரே போனார். நான் அடுப்படியிலேயே கிடந்தேன். அக்கா இருமவில்லை, வாய்விட்டே சிரித்தாள். அவர் தனியாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார், தனியாக வந்தார். ஐந்தாவது வாரம் சந்தை நாளன்று காலையில் அத்தை மிளகாய் ஜாடியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து எல்லார் காதிலும் விழும்படி, "மிளகா தீந்துபோச்சு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, நான் எதையும் புதைக்கவில்லையே. "பெரியவனுக்கு மிளகா பாத்து வாங்கத் தெரியல. எல்லாம் சொத்த. சின்னவனே, நீங்களே போய்ட்டு வாங்க" என்றார். எல்லாரும் நகர்ந்ததும் நான் ராகிப் பானைக்குள் கையை விட்டேன். மிளகாய் அங்கே இருந்தது, என்னைவிட ஆழமாக, துணியில் சுற்றிப் புதைத்திருந்தது. அத்தையிடம் நான் அதைப்பற்றி ஒரு நாளும் பேசியதில்லை, அவரும் என்னிடம் பேசியதில்லை. மாமியார் கொடுமை என்று இங்கே தையல் மேசையில் ஆளுக்கொரு கதை சொல்லும்போது நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். என்ன கதையை நான் சொல்வது?

எனக்குப் புத்தியில் உறைத்தது இதுதான். இந்த மனுஷனுக்குச் சும்மா நடக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஹில்டா அம்மாளுக்குத் தெரியும், அது அவர்கள் ஊர்ப் பழக்கம். நாங்கள் காரணம் இருந்தால்தான் வாசலைத் தாண்டுகிறவர்கள், அந்தக் காரணத்துக்குள்தான் எங்கள் விளையாட்டெல்லாம் ஒளிந்திருந்தது. டாக்டர் சொன்னதற்காக நடப்பது ஒரு நடையா? சனிக்கிழமை நான் மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்து அரிசி வாளிக்குள் ஆழமாகப் புதைத்தேன். ஞாயிறு மத்தியானம் நாற்காலி எதிரில் போய் நின்று, "மிளகா தீந்துபோச்சுங்க" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "போன வாரந்தான வாங்குனோம்?" என்றார். அத்தையின் அதே குரல். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். உகாண்டாவிலிருந்து வந்த குஜராத்திக்காரர் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், ஆனால் பார்க்கைத் தாண்டி ஒன்றரை மைல், பஸ் கிடையாது. கூடையை எடுத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். பிறகு நாற்காலி கிரீச்சிட்டது.

வழக்கப்படி அவர் முன்னால், நான் பின்னால்தான் கிளம்பினோம். தெருக்கோடி வரைக்கும்கூட அது நிலைக்கவில்லை. அவர் நின்று மூச்சு வாங்கினார், நான் தாண்டிப் போய்விட்டேன். பார்க்குக்குள் நுழையும்போது நான் முன்னால், அவர் பத்தடி பின்னால். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் அவருக்கு முன்னால் நடந்தேன். முதுகு கூசியது. மரங்களெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தன. ஒரு வகை மரத்தடி முழுக்கக் கொட்டைகள், கான்கர் என்கிறார்கள், பெரிய புளியங்கொட்டைக்கு எண்ணெய் தடவினது மாதிரி பளபளவென்று. பின்னால் அவர் காலடி நின்று நின்று கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவமானப்படுவார் என்று திரும்பவில்லை. என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் கூடையை முழங்கையில் மாட்டி, கைகளைப் பின்னால் கட்டி, இரண்டு விரலை நீட்டினேன். கால் வலிக்குதா? பதில் இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இன்னும் இருபது அடி நடந்தேன். போகிறது என்று, வீம்புக்கு, கையை முழுசாக விரித்துக் காட்டினேன். ஓடலாமா?

முதுகில் பொத்தென்று ஒன்று விழுந்தது. கான்கர் கொட்டை. முதுகில் பட்டால் முடியாது. முடியாது என்கிறார், என் ராசா! இங்கே வந்த ஆறு வருஷத்தில் எங்கள் பாஷையில் அந்த மனுஷன் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அது. நான் நடு வழியில் நின்று அழ ஆரம்பித்துவிட்டேன். துக்கத்தில் அழாதவள் சந்தோஷத்தில் அழுவேன் என்று எனக்கே தெரியாது. அழுதுகொண்டே மறுபடியும் கையை விரித்தேன். மறுபடியும் முதுகில் ஒன்று. இந்த முறை கொஞ்சம் பலமாக.

பார்க் கீப்பர் ஒருவர், தொப்பியும் நீண்ட கோட்டும் போட்டவர், புல்வெளியைக் குறுக்கே தாண்டி ஓடிவந்தார். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் வந்து நின்று, இவரை ஒரு கையால் மறித்துக்கொண்டு, "மேடம், இந்த ஆள் உங்களைத் தொந்தரவு செய்கிறானா?" என்று கேட்டார். பத்தடி பின்னால் வருகிற ஆள், கையில் கல் மாதிரி ஏதோ, முன்னால் அழுகிற பெண். அவர் மேல் என்ன தப்பு? நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உள்ளதைச் சொன்னேன். "எஸ் சார். எயிட் இயர்ஸ். மை ஹஸ்பண்ட்." கீப்பர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். இவர் கையிலிருந்த கொட்டையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நேராக நின்றார். வயிறுகூட உள்ளே போயிருந்தது. கீப்பருக்கு ஏதோ புரிந்ததா, இல்லை எங்களுக்குள் பெரிய சண்டை என்று முடிவு கட்டினாரா, தெரியாது. குரலைத் தணித்து, சமாதானமாகப் போங்கள், இன்றைக்கு நல்ல வெயில், கையைப் பிடித்துக்கொண்டு நடங்கள் என்றார். அவர் நகரவில்லை. நாங்கள் பிடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்போல் இருந்தது.

பிடித்துக்கொண்டோம். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, முதல் தடவை. அவர் உள்ளங்கை வியர்த்திருந்தது. இரண்டு பேரின் காலும் ஒன்றோடொன்று சேரவில்லை, கூடை நடுவில் இடித்தது, ஆனாலும் கீப்பர் பார்வையில் இருக்கும் வரைக்கும் நல்ல பிள்ளைகளாக நடந்தோம். எனக்கு ஏரிக்கரை ஞாபகம் வந்தது. அங்கே ஆள் பார்த்தால் விலகி நடப்போம், ஆள் இல்லாத இடத்தில் ஒட்டிக்கொள்வோம். அப்போது அவர் நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மிளகாத்தூள் டப்பா அரிசிக்குள்ளதான் கெடக்குது. காலையில சோறு வைக்கும்போதே கையில தட்டுப்பட்டுது."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"மிளகா தீந்துபோச்சுன்னு நீ சொன்னியே."

குளத்தோரம் வளைவு வந்தது. அதற்கப்புறம் ஆள் இல்லை, கீப்பரும் தெரியவில்லை. அங்கே அவர் கையை விட்டார். நானும் விட்டேன். யாரும் சொல்லாமல் நான் முன்னால் போனேன், எண்ணிப் பத்தடி. ஆள் பார்க்கிற வரைக்கும் இந்த ஊர்க்காரர்களாக இருந்தோம், ஆள் இல்லாத இடத்தில் பென்னாகரம் வந்துவிட்டது. எதிரில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று கடைக்கு, ஒன்று எங்கள் தெருவுக்குத் திரும்புகிற வழி. அந்த வாரம் முழுக்கக் காகிதத்தில் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி எனக்கு நினைவுக்கு வந்தது. நின்றேன். திரும்பவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய், கட்டை விரலை மடக்கினேன்.

வூட்டுக்குப் போலாமா?

எந்த வீட்டைக் கேட்கிறேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அண்ணன் வீடா, இந்த நாற்காலி இருக்கிற வீடா? எந்த வீடு என்று கேட்க எங்களிடம் விரல் கிடையாது. அந்தக் காலத்தில் தேவைப்பட்டதில்லை, ஒரே வீடுதான் இருந்தது. பின்னால் இலை நொறுங்கும் சத்தம் கேட்டது, அவர் குனிகிறார். டாக்டர் செய்து காட்டின அதே குனிதல். முட்டி முறிகிற சத்தமும் மூச்சும் எனக்குக் கேட்டன. நெடுநேரம் ஆயிற்று. குதிகாலில் பட்டுவிடுமோ என்று காலைக் கூட்டி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

முதுகில் விழுந்தது.